இல்லாத அண்ணனுக்கு ஒன்பது நாள் செபம்

எலிஹியோவுக்கு அண்ணன் என்று ஒருவரும் கிடையாது. ஆனாலும் அறுபதாம் வருஷம் ஜனவரி மாதம், மோக்கா ஊரில் அவர் வீட்டில், அவருடைய அண்ணன் அனாஸ்தாசியோ செத்துப்போனதற்காக ஒன்பது நாள் செபம் தொடங்கியது. கூடத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. செத்தவர் ஆத்துமா தாகம் தீர்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீரும் வைத்தாயிற்று. குடிக்கத்தான் ஆள் இல்லை.

யோசனை மகள் எனெய்டாவுடையது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அவளும் அவளுடைய கூட்டாளிகளும் தலைவரைக் கவிழ்க்கப் போகிறார்களாம். தலைவர் என்றால், முப்பது வருஷமாக நாட்டைத் தன் சட்டைப்பைக்குள் வைத்திருந்த மனுஷன். 'இந்த வீட்டில் தலைவரே எஜமான்' என்று வீட்டுக்கு வீடு சுவரில் தகடு தொங்கும். எலிஹியோ வீட்டிலும் தொங்கியது. தொங்காவிட்டால் ஏன் தொங்கவில்லை என்று கேட்க ஆள் வரும்.

"அஞ்சு பேரு ஒண்ணா நின்னா போலீஸ் விரட்டறான்ப்பா. செப வீட்டுல அம்பது பேரு உக்காந்தாலும் எவனும் உள்ள வந்து கேக்க மாட்டான்" என்றாள் எனெய்டா.

"சரி, செத்தது யாரு?"

"உங்க அண்ணன்."

"எனக்கு ஏதுடி அண்ணன்?"

"அதான் வசதி. இல்லாத ஆளு உயிரோட திரும்பி வந்து நிக்க மாட்டாருல்ல?"

எலிஹியோ கரி விற்கிறவர். கழுதை வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். கரி வியாபாரம் செய்தவனுக்கு மனுஷன் மேல் நம்பிக்கை வராது. மூட்டையில் ஈரக்கரியை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்புகிற உலகம் அது. மகளுடைய கூட்டாளிகளில் ஒருவன் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. முக்கியமாகக் கண்ணாடி போட்ட தெல்மோ மேல். சட்டம் படிக்கிறவன். எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான்.

"ஓட வேண்டி வந்தா இவன் வழியத் தேடுவானா, கீழ விழுந்த கண்ணாடியத் தேடுவானா?" என்று மகளிடமே கேட்டார்.

"அவன் ஓட மாட்டான்ப்பா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இருந்தும் சம்மதித்தார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இருப்பது இந்த ஒரு பெண். மாட்டேன் என்றால் கண்மறைவாக வேறு எங்காவது போய்ச் செய்வாள், ஒருநாள் திரும்பி வரமாட்டாள். செய்கிறதைத் தன் கண்முன்னால் செய்யட்டும், உயிரோடு இருக்கட்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தலைவர் இருந்தாலும் போனாலும் கரி அதே விலைக்குத்தான் போகும்.

செபம் சொல்ல சிக்ஸ்டாம்மா வந்தாள். ஊரில் எந்தச் சாவுக்கும் அவள்தான். யாருக்கு அழுகிறோம் என்று தெரியாவிட்டாலும் குறைவைக்காமல் அழுவாள். முதல் நாளே எலிஹியோவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிப் போனாரு ஒங்க அண்ணன்?"

"காய்ச்சல்."

"முற்றத்துல ஒங்க பொண்ணோட கூட்டாளிப் பையன் உவால்டோ, குதிரை ஒதச்சுதுங்கறான்?"

எலிஹியோ வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள். "குதிரை ஒதச்சு, அதுல காய்ச்சல் வந்திருக்கு. பாவம்."

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, அனாஸ்தாசியோவோடு ஒரு திருவிழாவில் தான் ஆடியிருப்பதாகச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். நல்லா ஆடுவாராம். கை மட்டும் கொஞ்சம் கீழே இறங்குமாம். எலிஹியோவுக்கே ஒரு நிமிஷம் அண்ணனை நினைத்து மனசு கனத்தது.

பெண்கள் கூடத்தில் செபமாலை சொல்ல, ஆண்கள் பின்முற்றத்தில் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு டாமினோ ஆடுவார்கள். சாவு வீட்டில் அதுதான் வழக்கம். மூலை மேசை தெல்மோ கூட்டத்துடையது. துண்டறிக்கைகள் எந்த ஊருக்கு யார் கையில் போகும், எந்தப் பாலத்துக்குக் கீழே எதைப் புதைப்பது, எல்லாம் அங்கேதான். வேற்றாள் யாராவது பக்கத்தில் வந்தால் உவால்டோ டாமினோக் கட்டையை மேசை அதிர ஓங்கி அடிப்பான். பேச்சு நின்றுவிடும்.

மூன்றாம் நாள் நிக்கானோர் வந்தார்.

நிக்கானோர் முடிதிருத்துகிறவர். கடைவீதியில் சொந்தமாகக் கடை. எனெய்டாவுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவரும் பெற்ற தகப்பனும் அன்றிலிருந்து ஒருத்தருக்கொருத்தர் 'கொம்பாத்ரே'. கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், பெண்டாட்டியோடு போடலாம். கொம்பாத்ரேயோடு முகம் சுளிப்பதும் பாவம். ஊரையே சந்தேகப்படுகிற எலிஹியோ, இந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் என்கிற சாமானைக் கழற்றி வைத்திருந்தார்.

நிக்கானோர் கடையைப் பாதி நாளில் மூடிவிட்டு, கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, ஒரு பை காப்பிக்கொட்டையோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"கொம்பாத்ரே, ஒங்களுக்கு ஒரு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாமப் போச்சே. சாமியார்கிட்டச் சொல்லி ஞாயித்துக்கிழமப் பூசை அவரு ஆத்துமாவுக்குன்னு ஏற்பாடு பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி, மேசைமுன் மண்டியிடப் போனார்.

எலிஹியோவுக்குப் பொறுக்கவில்லை. சிக்ஸ்டாம்மாவை ஏமாற்றலாம், ஊரை ஏமாற்றலாம். தன் பிள்ளையைக் கர்த்தருக்கு முன்னால் தூக்கி நின்ற மனுஷனை, இல்லாத ஆத்துமாவுக்கு முழங்கால் போட விடுவதா? பூசை வேறு சொல்லி வைத்திருக்கிறார். இந்தப் பாவம் அவரையும் பிடிக்கும், தன்னையும் பிடிக்கும், நடுவில் நிற்கிற பெண்ணையும் பிடிக்கும். தோளைத் தொட்டு நிறுத்தி, கழுதைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"முட்டி போடாதீங்க கொம்பாத்ரே. செத்தவன்னு யாரும் இல்ல."

நிக்கானோர் விழித்தார். எலிஹியோ சொன்னார். எல்லாவற்றையும் அல்ல, ஆனால் போதுமான அளவுக்குச் சொன்னார். பிள்ளைகள், மூலை மேசை, கடைசி நாளுக்கு வெளியூரிலிருந்து வரப்போகிறவர்கள்.

நிக்கானோர் கொஞ்ச நேரம் கழுதையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்து, எலிஹியோவைக் கட்டிக்கொண்டார்.

"இப்பதான் நான் முட்டி போடணும். போடலேன்னா நாலு பேரு சந்தேகப்படுவான்."

உள்ளே போய் மண்டியிட்டு, கூடத்திலேயே உரத்த குரலில் செபம் சொன்னது அவர்தான். எலிஹியோவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அதற்கப்புறம் தினமும் வந்தார். முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவார்.

"அந்தக் கண்ணாடிக்காரப் பையன் யாரு மகன் கொம்பாத்ரே? முடி காடா வளந்து கெடக்குது. கடைக்கு அனுப்புங்க, சும்மாவே வெட்டி விடறேன்."

"இஸ்திரி போடற ஹசிந்தா மகன். தெல்மோ."

"அப்படியா. நல்ல பையன்."

ஒன்பதாம் நாள் வந்தது. கடைசிச் செபத்துக்கு ஊரே வரும். சல்சேதோவிலிருந்து இரண்டு பேர், சாந்தியாகோவிலிருந்து மூன்று பேர், தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு கறுப்புச் சட்டையில் வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். செபம் தொடங்குகிற நேரத்தில் நிக்கானோர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"எனெய்டா, ஒன் ஞானத்தாய் வயித்துவலியில துடிக்கறா. ஒன் பேரத்தான் சொல்லிட்டிருக்கா. மருந்து தெரிஞ்ச பொண்ணு, ஓடியா."

எனெய்டா தகப்பனைப் பார்த்தாள், தெல்மோவைப் பார்த்தாள்.

"இப்பயா ஞானப்பா? செபம் முடிஞ்சதும் வரேனே."

"செத்தவருக்கு அவசரம் இல்ல மகளே. இவளுக்கு இருக்கு."

ஞானத்தகப்பன் வந்து கூப்பிட்டு ஒரு பெண் மாட்டேன் என்பது அந்த ஊரில் நடக்கிற காரியமா? "போய்ட்டு வா, அரைமணி நேரம்தானே" என்றான் தெல்மோ. போனாள். எலிஹியோவே கதவைத் திறந்துவிட்டார்.

அவர்கள் தெருமுனை திரும்பியிருப்பார்கள். செபமாலை பாதிகூட ஆகவில்லை. வண்டு மாதிரி உருண்டையான கறுப்புக் கார்களின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ரகசியப் போலீஸ். நாலு கார்.

உள்ளே வந்தவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூடத்தைத் தாண்டி நேரே பின்முற்றம், நேரே மூலை மேசை. உவால்டோ கட்டையை ஓங்கி அடித்தான், பழக்க தோஷத்தில். அடித்த கையை முறுக்கிப் பின்னால் கட்டினார்கள். தெல்மோவைப் பேர் சொல்லியே கூப்பிட்டார்கள். அவன் ஓடவில்லை. கண்ணாடி கீழே விழுந்ததும் ஒருத்தன் அதை மிதித்தான்.

சிக்ஸ்டாம்மா மட்டும் நிறுத்தாமல் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் மேசை மேலிருந்த டம்ளரை எடுத்து, செத்தவருக்கு வைத்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அவளிடம் சொன்னான்: "போதும் கெழவி. செத்தவன்னு எவனும் இல்ல. யாருக்கு அழுவற?"

எலிஹியோ குறுக்கே போய் நின்றார். துப்பாக்கிக் கட்டையால் வாயில் ஒரு இடி. முன்பல் இரண்டு போயிற்று. "கெழவன விட்ரு" என்றான் இன்னொருத்தன். பையன்களை ஏற்றிக்கொண்டு கார்கள் போய்விட்டன.

ரத்தத்தைத் துப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. எல்லாருடைய பேரையும் தெரிந்துகொண்டு வந்தவர்கள், இந்த வீட்டுப் பெண் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, நிக்கானோர் வீட்டு அடுக்களையில் அவன் மனைவி லூசிலா வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். எனெய்டா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நிக்கானோர் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வயித்துவலியா? எனக்கா?" என்றாள் லூசிலா. "ஒங்க கொம்பாத்ரே என்னமோ ஒளர்றாரு. அய்யோ, வாய்க்கு என்ன ஆச்சு?"

"எல்லாரையும் கொண்டு போயிட்டான்" என்றார் எலிஹியோ.

எனெய்டா எழுந்தாள். எழுந்தவள் தகப்பனைப் பார்க்கவில்லை, ஞானத்தகப்பனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதுதான் எலிஹியோவால் கடைசிவரை ஜீரணிக்க முடியாமல் போன விஷயம். வெட்கப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஒக்காருங்க கொம்பாத்ரே. வாயக் கழுவுங்க. அவனுங்க எப்படியும் மாட்டியிருப்பானுங்க, இன்னிக்கி இல்லேன்னா நாளைக்கி. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என் ஞானப்பிள்ளைய விட்ருங்கன்னு. விட்டாங்க. நாலு வருஷமா அவங்களுக்குச் சொல்லிட்டு வரேன். ஒங்களப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதுண்டா? நீங்க தலைவர எத்தன தடவ என் நாற்காலியில ஒக்காந்து வஞ்சிருக்கீங்க!"

நன்றி சொல்லவில்லையே என்கிற வருத்தம் அவன் குரலில் இருந்தது. நிஜமான வருத்தம். லூசிலாவின் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனெய்டா முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த மேசையை நிமிர்த்தினாள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. செபத்துக்கு நடுவில் எழுந்து போனது யார்? எனெய்டா. போலீஸ் தொடாதது யாரை? எனெய்டாவை. அப்போ ஆள்காட்டி யார்? மருந்துக்கடையில் பெண்கள் அவள் கையால் மாத்திரை வாங்க மறுத்தார்கள். தெல்மோவின் அம்மா ஹசிந்தா நடுத்தெருவில் அவள் காலடியில் காறித் துப்பினாள். கடைக்காரர், நீ கொஞ்ச நாள் வராமல் இரு என்று சொல்லிவிட்டார். அவள் சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். தெல்மோவுக்கென்று ஒரு சட்டை தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

"நிக்கானோர்கிட்டச் சொன்னது உவால்டோவாத்தான் இருக்கும்" என்றாள் ஒருநாள். "செத்தவரு பொய்யின்னு எங்க அஞ்சாறு பேருக்குத்தான் தெரியும். அவன் எப்பவுமே வாயாடி. கடைக்கு முடிவெட்டப் போயி ஒளறியிருப்பான். அவன் ஜெயில்லயே கெடந்து அழுகட்டும்."

தலைநகரத்துச் சிறையில் உவால்டோவின் விரல் நகங்களைப் பிடுங்கிவிட்டதாக ஊரில் பேச்சு. எலிஹியோ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உவால்டோ இல்ல. நான்."

அவள் ஊசியை நிறுத்தினாள்.

"முட்டி போடப் போனாரு. கொம்பாத்ரே இல்லையா, பொய்க்கு முட்டி போட விடறது பாவம்னு..."

"பாவம்" என்றாள் எனெய்டா. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள்.

பெண் உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்த மனுஷனுக்கு, உயிரோடு இருப்பவளைப் பார்க்க முடியவில்லை. தான் கெடுத்ததைத் தானே சரி செய்வது என்று கிளம்பினார். சனிக்கிழமை நிக்கானோரின் கடையில் ஆள் நிறைந்திருக்கும். போய் நடுவில் நின்றார்.

"கேளுங்கடா எல்லாரும். செபம் பொய்யின்னு இவன்கிட்ட சொன்னது நான். போலீசுக்கு வித்தது இவன். எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நீதானடா சொன்ன? சொல்லு! நாலு வருஷம்னு சொன்னியே, இப்பச் சொல்லுடா!"

கடை அப்படியே உறைந்தது. ஆள்காட்டி என்று சொன்னதற்கு அல்ல. ஒரு மனுஷன் தன் கொம்பாத்ரேயை 'டா' போட்டுக் கூப்பிட்டதை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

நிக்கானோர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டுவதை நிறுத்தவில்லை. "கொம்பாத்ரேக்கு மனசு சரியில்ல. வீட்டுல கஷ்டம். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஒக்காருங்க கொம்பாத்ரே, தாடி வளந்துருக்கு, எடுத்து விடறேன்."

எலிஹியோ வெளியே வந்தபோது, காத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பின்னாலேயே வந்தார். செருப்புத் தைக்கிற கிழவர். கழுதை வண்டி வரைக்கும் கூட நடந்தார்.

"நிக்கானோரு அப்படின்னு ஊருக்கே தெரியும்ப்பா. அவன் நாற்காலியில ஒக்காந்தா மழ வெயிலப் பத்தித்தான் பேசுவோம்."

"தெரியுமா? அப்புறம் எனக்கு ஏன்யா ஒருத்தனும் சொல்லல?"

கிழவர் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "ஒன் கொம்பாத்ரே இல்ல? ஒருத்தன்கிட்டயே போயி அவன் கொம்பாத்ரேயப் பத்திக் கொற சொல்றதா? மரியாத வேணாமா?"

எலிஹியோ வண்டியில் ஏறவில்லை. நேரே ஹசிந்தா வீட்டுக்கு நடந்தார்.

ஹசிந்தா யார் வீட்டுப் படுக்கை விரிப்புக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் எரிந்தது எலிஹியோ விற்ற கரிதான். சின்ன மகன் தூங்கிக்கொண்டிருந்தான். எலிஹியோ எல்லாவற்றையும் சொன்னார். கொட்டிலில் சொன்னது, லூசிலாவின் வாழைக்காய், நாலு வருஷம். அவள் விரிப்பை மடித்து வைத்தாள்.

"நம்பறேன்" என்றாள்.

எலிஹியோ பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்ப ஊருல சொல்லும்மா. நீ சொன்னா நம்புவாங்க. தெல்மோ அம்மா சொன்னா மறுபேச்சு இல்ல."

"மாட்டேன்."

"ஏன்?"

"நிக்கானோருன்னு சொன்னா நாளைக்கே கறுப்புக் காரு இந்த வாசல்ல வந்து நிக்கும். உள்ள ஒருத்தன் தூங்கறான் பாத்தீங்கல்ல? ஒங்க பொண்ணுன்னு சொன்னா எவனும் வர மாட்டான்." இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஊதினாள். சாம்பல் பறந்தது. "எனக்கு யாரையாவது வையணும் எலிஹியோ. வையலேன்னா நெஞ்சு வெடிச்சிரும். வஞ்சா ஆபத்தில்லாத ஆளா ஒங்க வீட்டுலதான் இருக்கா."

"அவ தெல்மோவுக்குச் சட்ட தைக்கறாம்மா."

"தைக்கட்டும். இங்க கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா தெருவுல வச்சுத் துப்புவேன். நம்பறேன்னாலும் துப்புவேன்."

வீட்டுக்கு வந்தபோது எனெய்டா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஹசிந்தா வீட்டுக்குப் போனதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் தகப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நம்பறாங்களாம்."

பொய்யில்லை. ஹசிந்தா அந்த வார்த்தையைத்தான் சொன்னாள். எனெய்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, ஆறிப்போயிருந்த சோற்றையும் பீன்ஸையும் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். முகம் கழுவினாள், தலைவாரினாள். தைத்து முடித்த சட்டையை மடித்து ஒரு துணியில் சுற்றினாள்.

"இப்பவே போயிக் குடுத்துட்டு வந்துடறேன்ப்பா. நாளைக்கி தெல்மோவப் பாக்க சிறைக்குப் போற லாரியில ஹசிந்தாம்மா போவாங்க."

எலிஹியோ முந்திக்கொண்டு போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"தள்ளுங்கப்பா. கடையெல்லாம் சாத்தறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன். நாலு பேரு பாக்கட்டுமே, நான் அவங்க வீட்டுக்குப் போறத."

அவள் சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்து விலக்கினாள். அவர் நகரவில்லை. சிரிப்பு மெல்ல மெல்லப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னும் என்னப்பா சொன்னாங்க?" என்றாள்.